கடைசி வண்டி

ஞாயிறு காலை நாலரை.
டின் ஃபேக்டரி பெட்ரோல் பங்கில்
பதினொரு வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன.
முன்னால் போக ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.
இடக்கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொள்வது
நாங்கள்தான்.

வாரம் முழுக்க இந்தப் பெங்களூரில்
எல்லாவற்றுக்கும் முந்த வேண்டியிருக்கிறது,
தண்ணீர் லாரிக்கு, மெட்ரோ கதவுக்கு,
அலுவலக லிஃப்டுக்கு.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பிந்துவது எங்கள் வேலை.

இடப்பக்கப் பெட்டி என்னுடையது.
பஞ்சர் கிட், உபரியாக ஒரு கிளட்ச் கேபிள்,
பாண்டேஜ், நாப்கின்,
இதுவரை யாரும் கேட்காத ஊசிநூல்.
வலப்பக்கம் அருமைநாதனுடையது.
அதில் மழைக்கோட்டும்
எனக்குத் தெரியாது என்று அவர் நினைக்கும் முறுக்கும்.

கே.ஆர்.புரம் தொங்குபாலம் தாண்டினால்
சிவப்பு விளக்குகள் வரிசையாக நீளும்.
நான் எண்ணுவேன்.
பின்னிருக்கையின் உத்தியோகம் அது.
பத்து. வளைவில் ஏழு. சாலை நிமிர்ந்தால் மறுபடி பத்து.
சரியாக இருந்தால் அவர் தோளில் ஒரு தட்டு,
குறைந்தால் இரண்டு.
தம்பி இன்டர்காம் வாங்கித் தந்தான்.
முதல் பயணத்திலேயே கழற்றிவிட்டோம்.
வீட்டுச் சண்டையை
காதுக்கு அவ்வளவு பக்கத்தில் கேட்க முடியவில்லை.

ஹோஸ்கோட்டையில் விடியுமுன்னே பிரியாணிக்கு வரிசை.
மசாலா வாசம் சாலையின் குறுக்கே வந்து மறிக்கிறது.
நிற்கக் கூடாது. கேப்டன் சுமங்கலா கண்டிப்பு:
முளபாகில் தோசைவரை வயிறு காலியாக இருக்கட்டும்.

நரசாபுரம் தாண்டி ஒன்பது.
வளைவில்லை, மேடில்லை. ஒன்பதுதான்.
இரண்டு தட்டு.

வீட்டுமனை விளம்பரப் பலகையின் காலடியில்
லோகித்தின் வண்டி. போன மாதம்தான் சேர்ந்தார்கள்.
அந்தப் பக்கம் அவன்,
இந்தப் பக்கம் சஹனா,
நடுவே சூடாறும் எஞ்சின் டிக் டிக்கென்று.
அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
அழுவதற்கு அது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியும்.

என்ன ஆச்சு என்று நாங்கள் கேட்பதில்லை.
அருமைநாதன் தரையில் மண்டியிட்டு
சங்கிலியை விரலால் மேலும் கீழும் ஆட்டினார்.
"ரொம்ப இறுக்கமா இருக்குப்பா,
ரெண்டு விரல் தொய்வு வேணும்" என்றார்
அவருக்குத் தெரிந்த கன்னடத்தில்,
அதாவது பாதித் தமிழில்.
சங்கிலி சரியாகத்தான் இருந்தது.
லோகித்துக்கும் தெரிந்திருக்கும்.
டார்ச் பிடி என்றதும் பிடித்தான்.

நான் முறுக்கை எடுத்து வந்தேன்.
சஹனா கண்ணாடியை மட்டும் தூக்கி
அந்த இடுக்கு வழியாக ஒரு துண்டை உள்ளே அனுப்பினாள்.
கடிக்கும் சத்தம் கேட்டது.
லாரிகள் எங்களைத் தள்ளுகிற காற்றோடு போயின.

மூன்று வருடத்துக்கு முன், சிரா சாலையில்,
எங்கள் வண்டியின் பக்கத்தில்
சுமங்கலா இப்படித்தான் மண்டியிட்டாள்.
நாற்பது நிமிடம் ஒரே ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தாள்.
வண்டியை விற்று வீட்டுக்கு முன்பணம் கட்டலாமா
என்று தொடங்கிய பேச்சு
அன்று எங்கெங்கோ போய்விட்டிருந்தது.
முன்பணம் கட்டவில்லை. வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.
அந்தப் பேச்சும் முடிந்தபாடில்லை.

போன் அடித்தது. சுமங்கலா.
"ஆராமா பன்னி" என்றாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

சஹனா ஏறினாள்.
கையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்து
பின்கம்பியைப் பிடித்தாள்.
கோலார் தாண்டி, குளிர்காற்று அடித்த ஒரு மேட்டில் பார்த்தேன்,
ஒரு கை கம்பியில்,
ஒரு கை அவன் ஜாக்கெட் பையில்.

முளபாகிலில் மாவு தீர்ந்துவிட்டது.
எங்களுக்கென்று நான்கு தோசையை
வாழையிலையில் சுற்றி
ஒரு ஹெல்மெட்டால் மூடி வைத்திருந்தார்கள்.
ஆறிப்போயிருந்தன. நெய்யோடு
யாருடைய தலையெண்ணெயோ லேசாக மணத்தது.
தின்றோம்.

மதியம், அல்சூரில், எங்கள் வாசலில்
இறங்குமுன் என் கை
அவர் தோளில் ஒரு தட்டு தட்டியது.
"என்ன?" என்றார்.
"பழக்கம்" என்றேன்.
வாடகைக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு
உள்ளே போனார்.