நாற்பத்தேழு

பதினோராம் நாள் ஒருவர் வந்தார்.
கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா, தேய்ந்த பிரஷ்.
தெருவை அடைத்துக் கிடந்த தூங்குமூஞ்சி மரத்தைச்
சுற்றிச் சுற்றி வந்து
வேருக்கு இரண்டு முழம் மேலே
47 என்று போட்டார்.

எப்போ சார் வெட்டுவீங்க என்றோம்.
நான் நம்பர் போடறவம்மா என்றார்.

அதற்கு முன் அதற்குப் பெயர் கிடையாது, மரம்தான்.
விழுந்த பிறகும் நான்கு நாள்
சாயங்காலமானால் இலை மூடிக்கொண்டிருந்தது.
இப்போது பால்காரரிடம்
'நாப்பத்தேழுக்கு இந்தாண்ட நில்லுங்க' என்கிறோம்.
பிள்ளைகளின் ஆட்டத்தில்
நாப்பத்தேழைத் தொட்டு நின்றால் அவுட் இல்லை.

புயல் ஒரு ராத்திரி.
அதைச் சொல்ல முதுநகர் முழுக்க ஆளுக்கொரு கதை.
மைக் பிடித்தவர்கள் மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்கள்.
நனைந்த அரிசி
ஏழாம் நாள்தான் நாற ஆரம்பித்தது.

மஞ்சக்குப்பத்துக்கு எட்டாம் நாளே கரண்டாம்.
கலெக்டர் இருக்கிற இடம்.

கோதண்டபாணி வீட்டு ஆஸ்பெஸ்டாஸ்
உப்பனாற்றுக்குப் போய்விட்டது.
கூரைக்கு இப்போது ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ்.
மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு குழந்தை
எட்டடிக்கு ஆறடி
மல்லாந்து வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது.
வெயில் ஏறினால் உள்ளே படுத்திருப்பவர்களுக்குத்
தாய்மாமன்களின் பெயர்கள்
இடவலம் மாறித் தெரிகின்றன.

எங்கள் மாடிப்படியில் வந்து சிக்கியிருந்தது
யாருடையதோ ஒரு கறுப்பு சின்டெக்ஸ்.
மூன்று தெருக்காரர்கள் பார்த்துவிட்டு
நம்முது இல்ல என்று போனார்கள்.
நான்காவதாக வந்தவர் என்னுது என்றார்.
மூடி எங்கே என்று மடக்கினேன்.
கைப்பிடித் துணியை விலக்கிக் காட்டினார்.
ஒன்பது நாளாய் மூடியோடு அலைந்திருக்கிறார்.

பதினேழாம் நாள்
எதிர்வரிசைக்குக் கரண்ட் வந்தது.
எங்கள் வரிசைக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர்.
அந்தாண்ட டிவி, இந்தாண்ட கொசு.
இரண்டு வாரம் ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தவர்கள்
சட்டென்று
கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டோம்.
இருட்டில் இவர் சொன்னார்,
அவங்க ஃபேன் நம்மளப் பாத்து சுத்துது பாரு.

மறுநாள் ரஹ்மத்துன்னிசா
எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
நாப்பத்தேழில் ஏறினாள்.
கிளைக்குக் கிளை ஒயரைச் சுற்றி
முறிந்த கொப்பில் ஒரு முடிச்சுப் போட்டு
என் ஜன்னலுக்குள் நீட்டினாள்.
'ஒரு லைட்டு, நாலு போனு.
மிக்ஸி போட்டே, பியூஸு போயிடும், ஆமா.'

போட்டேன். ஒரே தடவை, தேங்காய்ச் சட்னிக்கு.
பியூஸ் போகவில்லை.
அவள் வீட்டு பல்பு ஒரு நிமிஷம்
மூச்சு வாங்கியிருக்கும்.
அவள் கேட்கவில்லை.
கிண்ணத்தில் கொஞ்சம் சட்னி கொடுத்தேன்.
அதற்கும் கேட்கவில்லை.

இருபத்தோராம் நாள் கம்பம் நட வந்தவர்கள்
தேனிப் பக்கத்து ஆட்கள்.
கல்யாண மண்டபத்தில் படுக்கை,
வந்த நாளிலிருந்து அதே சட்டை.
கலியபெருமாள்
சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு
உள்ளே போய்
இரண்டு லுங்கி எடுத்து வந்தார்.

இருபத்தாறாம் நாள் ரம்பம் வந்தது.
மொதல்ல ஒயர எடுங்கம்மா என்றார்கள்.
இந்தப் பக்கம் நான் விட விட
அந்தப் பக்கம் அவள்
முழங்கையில் சுற்றிக்கொண்டே போனாள்.
கடைசி முழம் ஜன்னலைத் தாண்டும்போது
கொஞ்சம் பிடித்து வைத்தேன்.
அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். சிரித்தோம்.

நடுத்துண்டை மட்டும் எடுத்தார்கள்.
வேர்ப்பக்கம் நம்பரோடு அங்கேயே கிடக்கிறது.
அதை எடுப்பது வேறு டிபார்ட்மென்ட்.

தெரு திறந்ததும் முதலில் வந்தது ஓர் ஆட்டோ,
ஹார்னை அழுத்தியபடி.
நாங்கள் நடுவில் நின்றிருந்தோம்.
எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று
யாருக்கும் உடனே வரவில்லை.