ஏனையவை

ஓவர்லொக் மெசினுக்கு ஒரு லூப்பர்.
தூண்டில் முள்ளளவுதான்.
தைவானிலிருந்து வந்து
மருதானைப் பார்சல் கந்தோரில் கிடந்தது
பத்தொன்பது நாள்.

விலை ஆயிரத்து எண்ணூறு.
துண்டில் இருந்தது:
தீர்வை. வரி. வரிக்கு மேல் வரி.
கையாளல்; யார் கை என்று இல்லை.
கடைசியில் 'ஏனையவை',
எல்லாவற்றிலும் பெரிய தொகை அதுதான்.

"ஏனையவை எண்டா என்ன தம்பி?"
கவுண்டரில் இருந்த பிள்ளை
அவனும் கொஞ்சநேரம் திரையை வாசித்தான்.
"சிஸ்டத்தில அப்பிடித்தான் அன்ரி விழுது."
ஏதோ தூறல் விழுவதுபோல.

எனக்குப் பின்னால் நின்றவர்
பந்தயப் புறாவுக்கு மருந்து எடுப்பித்தவராம்.
புறா செத்துப்போச்சு,
பார்சல் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்.
அதற்கும் ஒரு கட்டணம்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து
கைகூடக் கழுவாமல் லூப்பரைப் பூட்டினேன்.
ஓடியது. சத்தமே இல்லை.

விடிய, மிஸிஸ் புவிராஜாவுக்குப் பில்:
சட்டைக் கூலி, லைனிங், கொக்கி.
கீழே, பேனை கொஞ்சம் நின்று,
ஏனையவை 150.

அவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி
இரண்டுதரம் பார்த்தார்.
நான் குனிந்து
ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்,
கோத்த ஊசியிலேயே.