விவரம் இரண்டு வரியில்

போராங்கின் மூன்றாம் பக்கம்.
ஆஸ்துமா? இல்லை. வலிப்பு? இல்லை.
காசநோய்? இல்லை.
இறக்கத்தில் விட்ட சைக்கிள் மாதிரி
ஓடிக்கொண்டே வந்த பேனா
பதினான்கில் நின்றது.

மனநோய். ஆம் எனில் விவரம் தருக.
விவரத்துக்கு இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
பதினோரு வாரத்துக்கு
இரண்டு வரி.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
விரலிடுக்கில் வெள்ளைப் பவுடரோடு
அம்மா எட்டிப் பார்த்தாள்.
'இல்லைன்னு போடு யோகமலரு.
ரத்தத்துலயா எழுதியிருக்கு, எடுத்துப் பார்க்க?'
அப்பா செம்பனை லோரியின் டீசல் கணக்கில் இருந்தார்.
தலை தூக்கவில்லை.
அவர் கணக்கில் அந்தப் பதினோரு வாரம்
கோலாலம்பூர், சித்தி வீடு.

ஊருக்கும் அதைத்தான் சொன்னோம்.
ஊர் நம்பியது போலத்தான் இருந்தது.
சுங்கை சிப்புட் மார்க்கெட்டில் மீன்காரர் மட்டும்
மிச்சக் காசை மெதுவாக வைத்தார் என் கையில்,
உடைந்துவிடும் என்பது போல.

'தஞ்சோங் ரம்புத்தான் பஸ் வந்தாச்சு, ஏறு'
என்று பள்ளியில் சிரித்திருக்கிறோம்.
நானும்தான். மற்றவர்களைவிடச் சத்தமாக.
வந்தது பஸ் இல்லை, மாமாவின் வேன்.
வாசலில் பெயர்ப்பலகை: பஹாகியா. மகிழ்ச்சி.
படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.
அம்மா அதையும் நோயோடு சேர்த்து
டாக்டரிடம் சொன்னாள்.

இரண்டு வரியில் எதை எழுத?
குரல்களையா? அவை என்னைத் திட்டவில்லை.
மலாய் வானொலியில் வானிலை வாசிப்பது போல
ஊர் ஊராய் மழை சொல்லிக்கொண்டிருந்தன,
ராத்திரி பகலாக,
நான்தான் அத்தனை ஊருக்கும்
துணி எடுக்க ஓட வேண்டியிருந்தது.

'நாக்கைத் தூக்கு' என்பார் மிஸ்ஸி ஜூரியா.
அடியில் மாத்திரையை ஒளித்த நாளில்
கத்தவில்லை.
இன்னொரு கப் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து
சோறு வேகக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

இரவு மூன்று மணிக்கு டார்ச்சோடு வருவார்.
வெளிச்சம் முகத்தில் அடிக்காமல்
உள்ளங்கையால் மூடிக்கொண்டு.
விரல்கள் சிவப்பாய் எரியும்.
இருபத்தெட்டுக் கட்டில்.
ஒவ்வொரு மார்பும் ஏறி இறங்குகிறதா என்று
குனிந்து பார்ப்பார்.
தூங்குவதாய் நடித்து நானும் கூடவே எண்ணுவேன்.

ஒருநாள் பத்தொன்பதில் நீண்ட நேரம் நின்றார்.
பிறகு ஓடினார்.
செருப்பு ஒன்று கழன்று நடைவழியில் கிடந்தது.
விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்த வேலை வேண்டும் என்று
முதலில் தோன்றியது அப்போதுதான்.
யாரிடமும் சொல்லவில்லை.
அங்கே எதைச் சொன்னாலும்
எழுதிக்கொள்வார்கள்.

'மறுபடி வந்தால்?' என்று
நேர்முகத்தில் யாராவது கேட்பார்கள்.
வரலாம்.
நான்கு வருஷமாய் ராத்திரி ஒன்பதுக்கு ஒரு மாத்திரை,
அலாரம் இல்லாமலே.
அது பதிலாகுமா என்று தெரியவில்லை.

முதல் வரியில் ஆண்டும் மருந்தும்.
இரண்டாவதில், இன்னும் உட்கொள்கிறேன்.
மலாயில் எழுதியதால்
வேறு யாருடையதோ போலிருந்தது.
கொஞ்சம் இடம்கூட மிஞ்சியது.

'ஆம்' கட்டத்தில் சரி போட்டேன்.
கை நடுங்கி, சரியின் வால்
'இல்லை' வரைக்கும் இழுத்துவிட்டது.

ஜெராக்ஸ் கடை ஆ லெங் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
'அமோய், இதுல எது?'
கேள்வியைப் படித்தாரா தெரியாது.
மேசைக்கடியிலிருந்து
வெள்ளை மைப் புட்டியை எடுத்து நீட்டினார்.
தூரிகை காய்ந்து போயிருந்தது.
நகத்தால் கீறி, நனைத்து,
வாலை மட்டும் அழித்தேன்.

காயட்டும் என்று
விசிறியை என் பக்கம் திருப்பினார்.
பக்கங்கள் பறக்கப் பார்த்தன.
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
'எத்தனை காப்பி?'
'ரெண்டு' என்றேன்.
'ஒண்ணு எனக்கு.'