எளிய

ஸ்ரான்லி வீதியில் கடையைப் பூட்டிவிட்டு
பின்னறைக் கட்டிலில் பரப்பி வைத்திருக்கிறேன்:
நாலு லென்ஸ், ஒரு துவாய்,
மூன்று சோடி நீளக் காலுறை,
அட்டைக்குப் பூசச் சவர்க்காரக் கட்டி.
பையின் நிறை ஆறு கிலோவைத் தாண்டக்கூடாது.
என் இடது முழங்கால் போட்ட சட்டம்.

நானூறு மில்லிமீற்றர். வெள்ளை உடம்பர், கனத்த மனிசர்.
குருநகர் செபநேசனிடம் வாடகைக்கு எடுத்தது,
நாளுக்கு மூவாயிரம்.
போன மாசியில் தொண்டைமானாற்றுக் கரையில்
பூநாரையின் செட்டையை இறகு இறகாய் எண்ணித் தந்தவர்.
அங்கே என்ன, வெயில் சும்மா கொட்டிக் கிடந்தது.
உப்பில் பட்டு, தண்ணியில் பட்டு,
கண்ணைப் பொத்தினாலும் விரலுக்குள்ளால் வந்தது.
வெளிச்சத்தை நான் ஒருநாளும் தேடிப் போனதில்லை.
மணவறையிலும் அதை விரட்டத்தான் ஆள் வைத்திருக்கிறேன்.

முந்நூறு ஒன்றும் இருக்கிறது, சொந்தமாய்.
ரோச் அடித்து உள்ளே பார்த்தால்
கண்ணாடியில் பூஞ்சணம் கிளைவிட்டு, கொப்புவிட்டு,
வேர்கூட ஓடியிருக்கிறது.
காட்டுக்குக் காட்டைக் கொண்டுபோவானேன்.
அதைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன்.

சிங்கராஜ வனத்தில் வழிகாட்டி சுனெத்.
தொலைபேசியில் முதலில் மழை கேட்கும், பிறகுதான் அவன்.
அவனிடம் தமிழ் அரைக் கைப்பிடி.
என்னிடம் உள்ள சிங்களம் பஸ் ஏறி இறங்கக் காணும்.
"எளிய நே, அண்ணே. எளிய நே."
எளிய என்றால் அவன் மொழியில் வெளிச்சம்.
என் மொழியில் கையில் ஒன்றுமில்லாதவர்.
ஒரு சொல்லை இரண்டு பேரும் இரண்டு நுனியில் பிடித்திருந்தோம்.
நடுவில் மழை பெய்தது.

எண் சிறுக்கக் கண் பெருக்கும்,
லென்ஸின் கணக்கு இவ்வளவுதான்.
வெள்ளை உடம்பருக்கு எண் ஐந்து தசம் ஆறு.
என் எண்பத்தைந்துக்கு ஒன்று தசம் எட்டு.
பதினொரு வருசமாய்
மணப்பெண்களின் மூக்குத்தியைத் தவிர
வேறொன்றையும் கிட்டப் பார்க்காத லென்ஸ்.

பரீட்சை வைப்போம் என்று லைற்றை நூர்த்தேன்.
ஜன்னலால் தெருவிளக்கு ஒரு கரண்டியளவு.
சுவரில் பல்லி.
நானூறு தேடியது, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது.
மூன்றரை மீற்றருக்குள் நிற்கிற எவரையும்
அவருக்குக் கண்ணுக்குத் தெரியாது.
நான் குசினி மட்டும் பின்வாங்கிப் போய்
அரிசி வாளியில் முட்டிக்கொண்டு அமுக்கினேன்.
கிடைத்தது: பல்லி போன்ற ஒரு நடுக்கம்.
நடுக்கம் என்னுடையது. வயது நாற்பத்தொன்பது.

எண்பத்தைந்தை மாட்டி
பல்லியின் மூச்சு எட்டும் தூரம் போனேன்.
தொண்டை துடிப்பது விழுந்தது.
பிறகு அது சொல்லிற்று, மூன்று தரம்.
எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
மனைவி சறோஜாதேவிக்குத் தெரியும்.
அவள் நித்திரை.

சுனெத் இன்னொன்றும் சொல்லியிருந்தான்:
தவளைவாயன் ஒரு சோடி உண்டாம்,
காய்ந்த இலையென்று நினைத்துக் கடந்துபோவீர்களாம்.
பகல் முழுக்க ஒன்றில் ஒன்று சாய்ந்து நித்திரையாம்.
கிட்டப் போகலாம். மெல்ல, பேசாமல்.

சாய்ந்திருக்கும் சோடி எனக்குப் பழக்கம்.
ஆனால் ஒருத்தரும் எனக்காகச் சாயாத சோடியை,
"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று நான் சொல்லாத சோடியை
இதுவரை எடுத்ததில்லை.

விடிய ஆறு மணிக்கு
வெள்ளை உடம்பரைத் துவாயில் சுற்றி
மோட்டார்சைக்கிளில் குருநகருக்கு.
செபநேசன் பல்விளக்கியபடி வெளியே வந்தான்.
"உச்சிக் கொப்பில வந்து குந்தினால் என்ன செய்வாய்?"
"பார்ப்பன்."
"பார்த்து?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் துப்பிவிட்டு, லென்ஸை வாங்கி,
வாய் கட்டிப் பூட்டினான்.
முற்பணம் திரும்பக் கிடையாது என்றான்.