ஆண் ஈக்களின் கணக்கு

சஹமில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே,
நாற்பத்தொரு தோட்டம் என் பொறுப்பு.
மூடியைத் திருகிப் பொறியைக் கவிழ்த்தால்
வெள்ளைத் தட்டில் உதிரும் பழ ஈக்கள்:
செம்பழுப்பு உடல், சிறகு முனையில் ஒரு பொட்டு.
இடுக்கியால் தள்ளி எண்ணுவேன், பத்துப் பத்தாக.

எல்லாம் ஆண்.
டப்பாவுக்குள் தொங்கும் மருந்து
ஆணைத்தான் அழைக்கும்.
முட்டையிடுகிறவள் வரமாட்டாள்.
அந்நேரம் ஏதோ ஒரு பழத்தின் தோளில் உட்கார்ந்து
ஊசி இறக்கிக்கொண்டிருப்பாள்.

ஆம்பளைகளை எண்ணி என்ன கணக்கு என்பான் மொஃபிசுல்,
பாதி இந்தியில், பாதி அரபியில்.
நம்ம அறையில எண்ணினாலும் அப்படித்தானே என்பேன்.
பதினாறு கட்டில்.

மார்ச்சில் கல்ஃபானின் கொய்யாவில் மட்டும் இருந்தது.
பொறிக்கு முப்பது.
அடுத்து வேலிக்கு அந்தப்பக்கம் என்று பார்த்தால்
அங்கே ஒன்றுகூட இல்லை.
நாலு கிலோமீட்டர் தள்ளி, பேரீச்சைக்கும் அப்பால்,
ஷம்சா வீட்டு மாமரத்தில் பன்னிரண்டு.
பிறகு பள்ளிவாசல் பின்னால், இலந்தையில்.

காற்று, என்றார் இன்ஜினியர்.

சுவர் வரைபடத்தில் நான் குத்திய ஊசிகள்:
ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம்,
திங்கட்கிழமைத் தோட்டம்,
செவ்வாய்.
காற்றுக்குக் கிழமை தெரியுமா?

உதிர்ந்ததைப் பொறுக்கிக்கோ என்பார் கல்ஃபான், ஞாயிறுதோறும்.
பொறுக்கியது பிக்கப்பின் பின்னால், கோணிக்கு அடியில்,
என்னோடு ஊர் சுற்றி
வியாழன் இரவு அறைக்கு வரும்.
மொளகாப்பொடி தொட்டுத் தின்போம்.

நேற்றுக் கோணியைத் தூக்கினேன்.
தொட்டதும் விரல் உள்ளே போனது ஒரு பழத்தில்.
அரிசி அளவு வெள்ளைப் புழு,
தலையும் வாலும் கோத்து வில்லாய் வளைந்து
தெறித்தது. தகரத்தில் டிக்.
இன்னொரு டிக்.
துருப்பிடித்த ஓட்டை வழியே மணலுக்கு.
போன வருஷமே அடைக்கச் சொன்ன ஓட்டை.
அடைக்க வேண்டியவன் நான்.

பதிவேட்டில் 'பரவிய விதம்' என்று ஒரு கட்டம்.
இன்ஜினியர் கையெழுத்தில்: காற்று.
அதன் கீழே என் வண்டி எண்ணை எழுதினேன்.
ஆறில் பேனா கொஞ்சம் நின்றது.

அப்போ நாம தின்னதெல்லாம்? என்றான் மொஃபிசுல்.
மண்வெட்டியை அவனிடம் நீட்டினேன்.
ரெண்டடி ஆழம் வெட்டணும்.
உப்புத் தரை, சீக்கிரம் இடம் தரவில்லை.
முகாம் விளக்கு எரியும் நேரம்வரை
மாறி மாறி வெட்டினோம்.