பத்து நிமிடம்

வெலிமடையில் ஏற்றிய லீக்ஸ் கட்டுகளோடு
இரவெல்லாம் இறங்கினோம்.
மலையில் நித்திரை வராது.
வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்க வேண்டும்,
பிரேக் சூடாகி மணக்கும்,
பாறை ஒரு பக்கம், பனி ஒரு பக்கம்,
நடுவில் பயம் உட்கார்ந்து
கண்ணைப் பிடித்துத் திறந்து வைத்திருக்கும்.

மதவாச்சி தாண்டினால்தான் ஆபத்து.
வீதி நூல் பிடித்த மாதிரி நேராகிறது.
ஸ்டியரிங்குக்கு வேலையில்லை.
ஒரு பாலை மரம், இன்னொரு பாலை மரம்,
மூன்றாவது பாலையில் நான் குறட்டை விடுகிறேன்.
ஒருதரம் ஓமந்தைக்குக் கிட்ட
மாட்டுக் கூட்டத்தின் நடுவில் விழித்துக்கொண்டேன்.
மாடுகள்தான் பெரிய மனது பண்ணி
விலகிப் போயின.

அன்றிலிருந்து ஒரு சட்டம்:
இமை ஒருதரம் ஒட்டினால் லொறி ஓரங்கட்டும்,
நான் பத்து நிமிடம் நடப்பேன்.
ஜெரோம் நடக்கமாட்டான்.
டயரைத் தட்டுவான், லீக்ஸுக்குத் தண்ணீர் தெளிப்பான்,
போனில் நேரம் பார்ப்பான்.

புளியங்குளம் வருமுன் ஒரு வண்டிப்பாதை.
மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை
முன்பு அங்கே இருந்தது.
இப்போது கம்பம் மட்டும். அதன் நுனியில்
கொண்டலாத்தி ஒன்று கொண்டையை விரித்து மூடுகிறது.
எல்லாம் எடுத்தாயிற்று என்கிறார்கள்.
ஆனாலும் டயர் தடத்தை விட்டு
என் செருப்பு இறங்குவதில்லை.
ஒன்றுக்குப் போவதென்றாலும்
மாட்டுச் சாணி கிடக்கிற இடமாய்ப் பார்த்துத்தான்.

கனகராயன்குளம் தாண்டி ஒரு சின்னக் குளக்கட்டு.
ஏற்றம் பார்க்காமல் ஏங்கியிருந்த முழங்கால்கள்
ஓடி ஏறின, பதினாறு எட்டில் முடிந்துவிட்டது.
இவ்வளவுதானா என்று கால்கள் கேட்டன.
மேலே நின்றால் தண்ணீர்,
தண்ணீருக்குள் செத்த மரங்கள்,
மரம் நிறைய நீர்க்காகங்கள் சிறகு காயவைத்தபடி.
அளவுகோல் கல்லுக்குக் கிட்ட
தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு பெண்
கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.
"எத்தனை அடி?" என்றேன்.
"ஒன்பதரை. போன கிழமை பத்து" என்றாள்,
வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்பதுபோல.
எங்கள் ஊரில் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பார்கள்.
இங்கே சேற்றிலிருந்து.

மாங்குளம் கழிந்து வலப்பக்கம் ஒரு கிரவல் ஒழுங்கை.
அங்கே மட்டும் இமை ஒட்டாமலே நிறுத்துவேன்.
ஜெரோமுக்குத் தெரியும், கேட்கமாட்டான்.

எழுபத்தேழில் லயத்தை விட்டு
இந்தப் பக்கம் வந்தவர் மாமா.
முகாமிலிருந்து வெளியே வந்த வருடம்
அவர் மகள் பரிமளம் ஒரு கடிதம் போட்டாள்.
மதகு தாண்டி இரண்டாவது படலை,
கூரைக்குத் தகரம் வாங்க
ஏதாவது உதவ முடிந்தால் என்று.
பிறகு பார்ப்போம் என்றார் அப்பா.
பிறகு பார்ப்போம் என்று
நானும் நினைத்தேன் என்பதுதான் உண்மை.

மதகு பத்தாவது நிமிடத்தில் வருகிறது.
மாதம் இரண்டுதரம் அதுவரை போய்
விளிம்பில் காறித் துப்பிவிட்டுத் திரும்புவேன்.
அதற்கு மேல் ஓரடி வைத்தாலும்
அதற்குப் பெயர் நடை அல்ல.

இன்று கையில் ஒரு கட்டு லீக்ஸ்.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.
மதகில் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்த பொடியன்
கறுத்த விரல்களோடு நிமிர்ந்தான்.
"ஆரைத் தேடுறீங்கள்?"
"ஒருத்தரையும் இல்ல. நித்திரை கலைய நடக்கிறன்."
"அப்ப குளத்துப் பக்கம் போங்கோ, அதுதான் வடிவு.
இங்கால ஒண்டுமில்லை, எங்கட வீடுகள்தான்."

கட்டை அவன் கரியரில் வைத்தேன்.
"வீட்டில் குடு."
"ஆர் தந்ததெண்டு சொல்ல?"
இரண்டாவது படலைக்கு மேலே
தகரம் ஒன்று வெயிலில் மின்னியது.
புதுசா பழசா, தூரத்தில் தெரியவில்லை.
"லொறி என்று சொல்லு" என்றேன்.

ஜெரோம் எஞ்சினைப் போட்டான்.
"இருபத்தேழு நிமிஷம். ஒரு கட்டுக் குறையுது."
முறிகண்டியில் கச்சான் வாங்கினோம்.
கிளிநொச்சிச் சந்தை வரைக்கும்
எனக்கு நித்திரை வரவேயில்லை.