ஒரு சொட்டு, வெள்ளைத் தாளில்

கணவாயிலிருந்து இறங்கி வந்த டெலிகா வேன்
பட்டறை வாசலில் நின்ற பிறகும்
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
"சின்ன மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான் அண்ணி" என்றான் கோச்சா.
"ஏற்றத்தில் எரியும்.
சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் படம் எடுப்பதற்குள்
தானே அணைந்துவிடும்."

இஞ்சினை ஓடவிட்டு டிப்ஸ்டிக்கை உருவி
மகளின் கணக்கு நோட்டில் கிழித்த தாளில்
ஒரு சொட்டு வைத்தேன்.
மாதுளைச் சாறாய் இருக்க வேண்டியது
அடிப்பிடித்த காப்பியாய்ப் பரவியது,
நடுவில் கரும்பொடி.
முகர்ந்தேன். கருகல்.

வண்டிக்கடியில் ஊர்ந்து போனேன்.
அக்டோபர். மந்தைகள் சமவெளிக்கு இறங்கும் மாதம்,
பசனௌரி சாலை முழுக்க ஆடு.
கூலரின் தகடுகளுக்கிடையே
சேறும் கம்பளி மயிரும்
ஒரு தொப்பி பின்னும் அளவுக்கு.
வெப்பமானியைக் காட்டினேன்:
உள்ளே போகும் குழாயில் நூற்று இருபத்தெட்டு,
வெளியே வரும் குழாயில் நூற்று இருபத்தாறு.
இரண்டு டிகிரிக்கா இவ்வளவு பெரிய கூலர்?

"ஆடுதான் குற்றவாளி!" கோச்சா கை தட்டினான்.
நானும் நம்பத்தான் விரும்பினேன்.
காற்றடித்து, நீரடித்து, தகடு தகடாய்ச் சீவி
ம்லேத்தா வளைவுகளில் ஏற்றிப் பார்த்தேன்.
ஏழாவது வளைவு.
அறுபதிலேயே நிற்கிறது வேகமுள்.
பக்கத்து முள் மட்டும்
வழுக்குமரத்தில் ஏறுகிறவன்போல
ஏறுகிறது, சறுக்குகிறது, மறுபடி ஏறுகிறது.

கம்பளி சூடாக்கியது.
சூடு கிளச்சைத் தின்றது.
இப்போது தேய்ந்த கிளச்சே சூட்டைப் பெறுகிறது.
கூலரைக் கழுவி என்ன?

திரும்பும் வழியில்தான் சொன்னான்.
சனிக்கிழமை ருஸ்தாவிச் சந்தை.
தெலாவிப் பையன் ஒருவன், திராட்சை ஏற்ற வேன் தேடுகிறான்,
கடன் வாங்கிய பணம்.
"புது ஆயில் ஊற்று, சிவப்பாய்த் தெரியட்டும்.
அந்த பல்பையும் கழற்றிவிடு."
ருஸ்தாவி வரை இறக்கம்தான்.
இறக்கத்தில் எந்த வண்டியும் நல்ல வண்டி.

பட்டறை வாடகை இரண்டு மாதம் பாக்கி.
கோச்சா என் கணவனின் தம்பி;
ஞாயிறுதோறும் ஒரே மேசையில் சாப்பாடு.

ஆயிலை மாற்றினேன்.
பணத்தை எண்ணி வாங்கினேன்.
பல்பைத் தொடவில்லை.
காய்ந்து பழுப்பு வளையமாகியிருந்த தாளில்
தேதி, ஓடிய கிலோமீட்டர், அந்த இரண்டு எண்கள்,
"ம்லேத்தா, ஏழாவது வளைவு, வழுக்குகிறது"
என்று எழுதி நான்காய் மடித்து
ஓட்டுநர் பக்கத்து வெயில் மறைப்புக்குப் பின்னே
செருகிவிட்டு இறங்கினேன்.

வெயில் கண்ணில் குத்தினால்
எவனும் அதைக் கீழே இழுப்பான்.
பணம் கொடுக்கும் முன்னா, கொடுத்த பின்னா,
அது என் கையில் இல்லை.

சனிக்கிழமை மேகமூட்டம் என்கிறது வானொலி.